ஒரே மலை, ஒரே தாயா?

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உதிரிபாகம் செய்யும் பட்டறைக்கு எஃகுக் கம்பி வந்து இறங்கினால் இரண்டு விவரங்களைக் கேட்பார்கள். கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு என்று சொல்லும் சோதனைச் சீட்டு ஒன்று. எந்தத் தடவை உருக்கிய உருக்கு என்று காட்டும் ஹீட் நம்பர் மற்றொன்று. சேர்மானம் ஒத்துப்போகிறது என்பதற்காக இரண்டு கம்பிகள் ஒரே உருக்கில் பிறந்தவை ஆகிவிடா. பாறைக்கு யாரும் ஹீட் நம்பர் குத்தி வைக்கவில்லை. அதன் பிறப்பைச் சேர்மானத்திலிருந்து ஊகித்தறிய முயல்வது புவிவேதியியல். அந்தக் கலையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்குச் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அதிகத் தொலைவில்லாத பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளே நல்ல உரைகல்.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து, கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்துப் பாறை என்று கண்டு, 1893இல் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் கலந்த ஒருவகை கிரானைட் அது. அதோடு ஒட்டிக் கிடந்த, இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கரும்பாறைகளையும் சேர்த்து, எல்லாம் ஒரே பாறைக்குழம்பின் பிள்ளைகள் என்று 1900இல் அவர் விரிவாக எழுதினார். சிலிக்கா 75 விழுக்காடு உள்ள வெளிர்பாறை முதல் 50க்கும் கீழே உள்ள கரும்பாறை வரை ஒரே வரிசை. 1955இல் நிலவியலாளர் ஹோவி செய்த வேதிப் பகுப்பாய்வும் அந்த வரிசைக்குத் துணைநின்றது. 1959இல் நிலவியலாளர் ஏ.பி. சுப்பிரமணியம் அதே குன்றுகளை ஆராய்ந்து, கிரானைட் வகைகள் மட்டுமே ஒரு குடும்பம், கரும்பாறைகள் வேறு வழியில் வந்தவை என்று வாதிட்டார். அவர் பக்கமே வலுவாக இருக்கிறது என்பது என் எண்ணம். வரைபடத்தில் புள்ளிகள் ஒரே கோட்டில் விழுவது உறவுக்குச் சாட்சியாகாது. தொடர்பற்ற இரண்டு குழம்புகள் கலந்தாலும் நேர்கோடு வரும்.

கணக்கும் அதையே சொல்கிறது. கரும்பாறையைத் தரும் பசால்ட் குழம்பு மெல்லக் குளிர்ந்து, கனமான கனிமங்கள் அடுக்கடுக்காய்ப் படிந்த பிறகு மிஞ்சுகிற கிரானைட் திரவம், முதலில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கை எட்டுவதே அரிது. அப்படிக் குளிர்ந்து உறைந்த, கிரீன்லாந்தின் ஸ்கேர்கார்டு பாறைத்தொகுதியில் கிரானைட் வகைப் பாறை கொஞ்சமே இருக்கிறது. அதிலும் ஒரு பகுதி, சுற்றியிருந்த பழம்பாறை உருகி வந்தது என்பதை ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்பு காட்டிக்கொடுத்துவிட்டது. கரும்பாறைக் குழம்பு அங்கே தாயாக மட்டும் இருக்கவில்லை, அடுப்பாகவும் இருந்தது. நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் அதேபோல் அனார்த்தோசைட் பாறையும் குரோமைட் தாதுவும் அடுக்கடுக்காய்க் கிடக்கின்றன. இதையும் சுப்பிரமணியம்தான் 1956இல் விரித்தெழுதினார். அந்த அடுக்குகளுக்குச் சுமார் 250 கோடி ஆண்டு வயது. அருகே சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்துக் கிரானைட்டுக்கோ ஏறத்தாழ 50 கோடிதான். பக்கத்து வீட்டுக்காரர் என்பதால் உறவுக்காரர் ஆகிவிட முடியுமா?

இதற்கு மறுப்பு உண்டு. சார்னோக்கைட் பூமிக்கடியில் 700 டிகிரிக்கும் மேல் வெந்து மறுபடிகமான பாறை. பழைய வேதி அடையாளம் அழிந்திருக்காதா? ஓரளவு அழிந்துதான் இருக்கிறது. ருபீடியமும் யுரேனியமும் அந்த வெப்பத்தில் எளிதில் வெளியேறிவிடும். ஆனால் சிர்கோனியம், டைட்டானியம் போன்றவை பெரும்பாலும் இடம்பெயர்வதில்லை, அவற்றிடம் கேட்கலாம். இன்னொரு மறுப்பு கனமானது: அண்மையில் உருவான கரும்பாறையே ஆழத்தில் மறுபடி உருகிக் கிரானைட் ஆனால், ஐசோடோப்பு அளவு தாய்க்குழம்பின் அளவைப் போலவே இருக்கும், அப்போது இரண்டு பிறப்பையும் எப்படிப் பிரித்தறிவது? ஆய்வுக்கூடத்தால் மட்டும் முடியாது. கிரானைட் எவ்வளவு பருமன், எது எதை வெட்டிச் செல்கிறது, கரும்பாறைத் துண்டு கிரானைட்டுக்குள் சிக்கியிருக்கிறதா என்று பாறை முகத்தில் பார்த்தாக வேண்டும்.

அதனால்தான் இரண்டு பாறையும் தொட்டுக்கொள்ளும் விளிம்பு எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படுகிறது. பரங்கிமலைச் சார்னோக்கைட் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டிருப்பது மகிழ்ச்சி. திரிசூலம், பல்லாவரம் பக்கத்தில் ஜல்லிக்காக உடைபட்ட குன்றுகளிலும் அத்தகைய விளிம்புகள் இருந்தன. கிரஷரில் நொறுங்கிய கல்லை இன்றும் பகுத்துப் பார்க்கலாம், சிலிக்கா எவ்வளவு என்று அது சொல்லும். எது எதை வெட்டியது என்று சொல்லாது.