உள்ளுறு சிதைவைக் காணும் கலை
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கண இலக்கியங்களிலேயே காலங்கழித்துவரும் யாம் இன்று பௌதிக நூற்பொருளொன்றைப் பேச முன்வந்தது தங்கட்கு வியப்பாகத் தோன்றலாம். ஒரு பொருளின் புறத்தைக் கண்டு அதன் அகத்தைத் துணிதல் கூடாதென்பது எல்லா நூல்கட்கும் பொதுவாய உண்மை. அதனை ஓர் உலோகத் துண்டு எங்ஙனம் மெய்ப்பிக்கின்றது என்பதே யாம் ஈண்டு விளக்கப் புகுந்தது.

1954ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாளிலும் ஏப்ரல் 8ஆம் நாளிலும், 'காமெட்' என்னும் ஆங்கில நாட்டு விமானங்கள் இரண்டு, இத்தாலியையடுத்த கடலின்மேற் பறக்கையிலே பிளவுண்டு வீழ்ந்தன. முன்னதில் 35 பேரும் பின்னதில் 21 பேரும் மாண்டனர். பார்ன்பரோ ஆராய்ச்சிக் கூடத்தார் அத்தகைய விமானமொன்றின் உடலை நீர்த்தொட்டியிலிட்டு, பறக்குங்கால் அஃது ஏற்கும் அழுத்தத்தைப் பன்முறை ஏற்றியிறக்கிச் சோதித்தனர். ஈற்றில் அது திறப்பொன்றின் மூலையருகே கிழிந்தது. ஒருமுறை ஏற்ற சுமையாலன்று, பன்முறை ஏற்ற சுமையால் உலோகம் களைப்புற்று, நுண்ணிய விரிசல் வளர்ந்தே அக்கேடு விளைந்தது.

இத்தகைய சிதைவு உள்ளே எங்ஙனம் பிறந்து வளர்கின்றது? முற்காலத்தார் துண்டை அறுத்து, மெருகிட்டு, உருப்பெருக்கியாற் கண்டனர். ஆயின், அறுத்த துண்டை மீண்டும் இழுத்து, அதன்பின் நிகழ்வதைக் காணல் இயலுமோ? இயலாதன்றோ!

1895ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ரான்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர் பொருள்களை ஊடுருவுவது. எனினும், அதன் படம் நிழலே. உள்ளிருப்பன யாவும் அந்நிழலில் ஒன்றன்மேலொன்றாய்ப் படியும். ஏட்டுச்சுவடி ஒன்றைக் கட்டவிழ்க்காமல் எல்லா ஏடுகளின் எழுத்தையும் ஒருங்கே படிக்க முயல்வதை இஃது ஒக்கும். ஏடு ஏடாகப் பிரித்துப் படிக்கும் வழி யாது?

பல திசைகளினின்றும் பெற்ற நிழல்களைக்கொண்டு அகவுருவைக் கணக்கிடலாம் என ஆஸ்திரிய நாட்டுக் கணித அறிஞர் ராடன் 1917ஆம் ஆண்டில் நிறுவினார். 1971ஆம் ஆண்டில், ஹவுன்ஸ்பீல்டு என்பார் அமைத்த பொறி லண்டனில் நோயாளி ஒருவரின் மூளையை அங்ஙனம் காட்டிற்று. இதன் கணிதத்தைத் தனித்து ஆய்ந்த கார்மாக் என்பாரும் அவரும் 1979ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றனர்.

மருத்துவமனையிற் பொறி நோயாளியைச் சுற்றுகின்றது. உலோக ஆராய்ச்சியிலோ துண்டே ஒரு பீடத்தின்மேற் சுழல்கின்றது. நூற்றுக்கணக்காக, சில வேளை ஆயிரக்கணக்காக எடுத்த நிழல்களைக் கணிப்பொறி தொகுத்து, அத்துண்டினைச் சிறு கனசதுரங்களால் ஆகிய உருவாகக் காட்டும். அவ்வுருவை வேண்டியவிடத்து அறுத்துப் பார்க்கலாம். துண்டோ அறுபடாது நிற்கும்.

பிரான்சு தேசத்து லியோன் நகரத்து மேர், புப்பியேர் முதலிய ஆராய்ச்சியாளர், கிரனோபிளில் 844 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்திற் பிறக்கும் மிக்கொளிர் எக்ஸ் கதிரைக்கொண்டு, அலுமினியக் கலவைகளை இழுத்து இழுத்துப் படமெடுத்தனர். இங்ஙனம் காணப்படும் முறைமை வருமாறு: உலோகத்தினுள் இருக்கும் கடினத் துகள்கள் உடையும், அன்றி, சூழ்ந்த உலோகத்தினின்று விடுபடும். அவ்விடத்தே நுண்புழைகள் தோன்றும், அவை வளரும், பின் ஒன்றோடொன்று கூடும். இழுவையால் இடை சிறுத்த துண்டில் அச்சிறுத்த பகுதியின் நடுவே இழுவிசை மிகுதலின், பிளவு பெரும்பாலும் அந்நடுவிற்றான் தொடங்கும். கண்ணுக்குத் தெரியும் மேற்புறமோ கடைசியிற் கிழிவது! அந்தோ, புறத்தே பார்த்திருப்போன் காணுங்கால் உள்ளே கேடு முற்றியிருக்கும்.

இக்கலைக்கும் எல்லை உண்டு. ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள துண்டை 2000 கூறாகக் காட்டும் பொறியில் ஒரு கூறு 5 மைக்ரான்; அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றிலொரு பங்கு. அதனினும் மிக நுண்ணிய விரிசல் தப்பிவிடலாம். துண்டு பெரிதாயின் கூறும் பெரிதாகும். சுமை நீங்கியபோது வாய் மூடிக்கொள்ளும் விரிசலும் உண்டாதலின், சுமையேற்றியபடியே படமெடுத்தல் நலம். விமானச் சிறகு முழுவதையும் இவ்வளவு நுணுக்கமாகக் காணல் அரிது. சிறு துண்டிற் கற்ற சிதைவின் இயல்பைக்கொண்டே, பெரும்பொறியை எப்போது சோதிப்பது, எப்போது விலக்குவது என்று பொறியாளர் துணிதல் வேண்டும்.

ஆதலின், படத்திற் காணப்படாமை பற்றியே குறையில்லையெனத் துணிதலும், புறம் மெருகாயிருத்தல் பற்றியே அகம் நன்றெனத் துணிதலும் ஒருதன்மைத்தாய பிழையே. மாணவச் செல்வர்களே! ராடன் எழுதிய கணிதம் அரை நூற்றாண்டின்பின் மனித உயிர்க்குக் காவலாயிற்று. கணக்குப் பாடத்தை வெறுக்கற்க; அதனையும் தமிழைப் போலவே போற்றிப் பயில்வீராக.