தடுப்புநீர்மம் நெய்யன்று



பழைய மகிழுந்தை வீட்டு முற்றத்தில் நிறுத்திப் புதுக்க முனைவார் பலரும் வண்ணப்பூச்சில்தான் தொடங்குகின்றனர். மங்கிய வண்ணத்தால் எவரும் இறந்ததில்லை. நில்லாத வண்டியோ ஓட்டுவானையும் கொல்லும், எதிரே வருவானையும் கொல்லும். ஆகவே முதற்கண் சீர்செய்ய வேண்டுவது 'பிரேக்கு' எனப்படும் தடுப்பியே.

மாரிசு மைனர் வண்டியை எடுத்துக்கொள்க. அலெக்கு இசிகோனிசு வகுத்த இவ்வண்டி இங்கிலாந்தில் 1948-இல் வெளிவந்து 1971 வரை செய்யப்பெற்றது. இலங்கைச் சாலைகளிலும் நெடுங்காலம் ஓடிய வண்டி இது. மிதியை அழுத்தியவுடன் முதன்மை உருளையில் எழும் அழுத்தத்தை, நுண்குழாய்களில் நிறைந்துள்ள நீர்மம் நான்கு சக்கரங்களுக்கும் ஒருங்கே கொண்டு செல்லும். ஆங்காங்குள்ள சிற்றுருளைகள் பிறைக்கட்டைகளைத் தள்ள, அவை சுழலும் முழவின் உட்சுவரைப் பற்றும். ஆனால் நான்கிற்கும் நீர்மவழி ஒன்றே! ஓரிடத்தில் ஒழுகினும் நான்கும் ஒருசேரச் செயலறும். எஞ்சுவது, கம்பியிழுப்பால் பின்சக்கரங்களைப் பற்றும் கைத்தடுப்பு ஒன்றே.

இந்நீர்மத்தைத்தான் நம் பணிமனைகளில் 'பிரேக் ஆயில்' என்கின்றனர். அயற்சொல் என்பது ஒருபுறமிருக்க, பொருளாலும் அது பிழைபட்ட பெயர். இது நெய்யே அன்று. கிளைக்கால் வகையைச் சார்ந்த வேதிநீர்மம். பெயரை நம்பிப் பொறிநெய்யை ஊற்றினால், உருளைகளுக்குள் இருக்கும் தொய்வக் கிண்ணங்கள், அஃதாவது இரப்பர் வாசர்கள், ஊதிப் பருத்துக் கெடும். பின்னர்க் கழுவி ஊற்றுவது தீர்வாகாது. தொய்வ உறுப்பு அனைத்தையும் மாற்றியே தீரவேண்டும். தடுப்புநீர்மம் என்று வழங்கியிருந்தால் நெய்க்குடத்தை நாடிக் கை போயிருக்குமா?

இந்நீர்மத்திற்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பும் உண்டு. புதிய டாட் 3 வகைக்குக் கொதிநிலை 205 பாகைக்குக் குறையாதிருத்தல் வேண்டும். ஈரமேறிய நிலையில் அதற்கு விதித்த கீழெல்லை 140 பாகையே. மலையிறக்கத்தில் தடுப்பியை இடைவிடாது மிதிக்க, வெப்பமேறி நீர்மம் ஆவியாகும். ஆவி அழுங்கும் இயல்பினது. மிதி தரையைத் தொடும், வண்டி நில்லாது. அந்த ஈரமே உருளையின் உட்சுவரைத் துருவாலும் அரிக்கிறது. ஆண்டுக்கணக்கில் கொட்டிலில் உறங்கிய வண்டியை அப்படியே சாலைக்குக் கொணர்தல் ஆகாது என்பது இதனாலேயே.

வேலை தொடங்குமுன் வண்டியைத் தூக்கியின் மேல் மட்டும் நம்பி நிறுத்தற்க. உறுதியான தாங்கிகள் வேண்டும். பழைய உராய்வுப்பட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். முழவுக்குள் படிந்த தூளை ஊதாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்க. முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு உருளைகள் உள. ஒன்றை மட்டும் பார்த்து அமைதியுறல் கூடாது. குழிவிழுந்த உருளையைத் தேய்த்துப் பயன்கொள்வதினும் புதியது வாங்குதலே நன்று. வெடித்த நெளிகுழாய்க்கும் துருவேறிய எஃகுக் குழாய்க்கும் இரக்கம் காட்ட வேண்டா.

பொறுமையைச் சோதிப்பது முதன்மை உருளையே. அது ஓட்டுவான் காலடியில், தரைத்தகட்டின்கீழ்ச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அதன் மரையாணிகளை உருவவிடாமல் முறுக்குத்தண்டு குறுக்கே நிற்கும். சலித்துப்போய் அதை மட்டும் விட்டுவைப்பார் உளர். பழுது பெரும்பாலும் அங்கேயே தங்கியிருக்கும்.

இறுதியில் காற்றை வெளியேற்றல். முதன்மை உருளைக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குக. ஒருவர் மெல்ல மிதிக்க, மற்றவர் திருகைத் திறந்து, குமிழி நின்றபின் மூடுக; மிதி மேலெழுவதற்கு முன்பே மூடவேண்டும். நீர்மம் வண்ணப்பூச்சில் சிந்தினால் அதை உரித்துவிடும்; உடனே நீர்விட்டுக் கழுவுக. பின்பு மிதியை ஒரு நிமையம் அழுத்திப் பிடிக்க. அது மெல்லத் தாழ்ந்தால் எங்கோ கசிவுள்ளது. மீண்டும் வண்டியின் அடியில் புகுதல் வேண்டும். தாழாது நின்றால், ஆளில்லாத சமநிலத்தில், நடைவேகத்தில், கைத்தடுப்பின் மேல் ஒரு கை வைத்து முதல் ஓட்டம் ஓட்டிப் பார்க்கலாம்.