எமிக்ரேஷனா, இமிக்ரேஷனா?

(வெளிநாட்டு வேலைக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் நமது அறக்கட்டளை நடத்திய வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜமாஅத்துப் பெரியவர்களே, சபருக்குத் தயாராக இருக்கும் தம்பிமார்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே!

இன்றைக்கு எனக்குத் தந்திருக்கும் நேரத்தில் இரண்டே இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஒன்று எமிக்ரேஷன். இன்னொன்று இமிக்ரேஷன். சொல்லிப் பாருங்கள், காதுக்கு ஒன்று போலவே இருக்கும். நம் ஊரில் பலரும் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். "இமிக்ரேஷன் முடிஞ்சிருச்சா?" என்று வாப்பா கேட்பார், "எல்லாம் முடிஞ்சிருச்சு" என்று மகன் சொல்வான். எது முடிந்தது என்று இருவருக்குமே தெரியாது. இந்த ஓர் எழுத்து வித்தியாசத்துக்குள் ஒரு குடும்பத்தின் பத்து லட்ச ரூபாய் இருக்கிறது. அதனால்தான் இதைப் பேச வந்தேன்.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். இடம் பெயர்வது என்று பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. முன்னால் ஒட்டியிருக்கும் எழுத்துதான் திசையைச் சொல்கிறது. எக்ஸிட், எக்ஸ்போர்ட் என்பவற்றில் இருக்கும் அதே 'எ' எமிக்ரேஷனில் இருக்கிறது: வெளியே போவது. இன், இம்போர்ட் என்பவற்றில் இருக்கும் அதே 'இ' இமிக்ரேஷனில் இருக்கிறது: உள்ளே வருவது. சவூதியில் இருந்து வந்தவர்களுக்கு இன்னும் சுலபமாகச் சொல்லலாம். ஒன்று குரூஜ், மற்றது துகூல். இலங்கையில் இதற்கென்றே ஓர் அரசுத் திணைக்களம் இருக்கிறது. அதன் தமிழ்ப் பெயர் குடிவரவு, குடியகல்வுத் திணைக்களம். வருவது குடிவரவு, அகல்வது குடியகல்வு. எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள்! நம் பக்கம் அந்தச் சொற்கள் புழக்கத்துக்கு வராமல் போனது நஷ்டம்தான்.

ஆகவே, ஒரே ஆள், ஒரே விமானம், ஒரே பயணம். சென்னையில் ஏறும்போது நம் நாட்டுக் கணக்கில் அவர் எமிக்ரேஷன். தம்மாமில் இறங்கும்போது அந்த நாட்டுக் கணக்கில் அவர் இமிக்ரேஷன். அனுப்புகிற அரசாங்கம் ஒன்று, ஏற்கிற அரசாங்கம் இன்னொன்று. கையில் இருக்கும் விசா, ஏற்கிறவர் தந்த அனுமதி. அனுப்புகிறவர் அனுமதி அதில் இல்லை. அது தனி.

அப்படியானால் நம் ஏர்போர்ட்டிலேயே போகும்போதும் 'இமிக்ரேஷன்' என்றுதானே போர்டு வைத்திருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குழப்பம் பாதி அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் உள்துறை அமைச்சகத்தின் ப்யூரோ ஆஃப் இமிக்ரேஷனைச் சேர்ந்தவர். வருகிறவர், போகிறவர் இருவரையும் அவரே பார்க்கிறார். துறையின் பெயர் மட்டும் அப்படி. எமிக்ரேஷன் அனுமதி தருபவர் வேறு ஆள். வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் வரும் 'புரொடெக்டர் ஆஃப் எமிகிரண்ட்ஸ்', அதாவது புலம்பெயர்வோர் பாதுகாவலர். சென்னையில் அவருக்கு அலுவலகம் இருக்கிறது. இந்தப் பதவி இன்று நேற்று வந்ததல்ல. 1860-இல் மெட்ராஸிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் நம் மக்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிய காலத்துப் பெயர் அது. அன்று அந்தப் பாதுகாவலர் எவ்வளவு பாதுகாத்தார் என்பது வேறு கதை.

இன்னொரு குழப்பம் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று போட்டிருப்பார்கள். எமிக்ரேஷன் செக் ரிக்வயர்டு என்பதன் சுருக்கம். இங்கிலீஷில் அந்த முதல் எழுத்தின் பெயரை நாம் 'இ' என்று சொல்வதால், இதுவும் இமிக்ரேஷன்தான் என்று மனதில் பதிந்துவிடுகிறது. இல்லை. அது எமிக்ரேஷனுக்கு உரிய 'எ'. (மகாபலிபுரம் போகிற ரோடும் இ.சி.ஆர்.தான் என்று யாரோ பின்னால் சொல்வது கேட்கிறது. சரி, அந்த ரோட்டுக்கு செக் இல்லை.)

இனி விஷயத்துக்கு வருவோம். அகராதியில் எமிக்ரேஷன் என்றால் சொந்த நாட்டை விட்டு இன்னொரு நாட்டில் குடியேறப் போவது. ஆனால் நம் நாட்டின் 1983-ஆம் ஆண்டு எமிக்ரேஷன் சட்டத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. இந்தியாவை விட்டு வெளியே வேலை பார்க்கும் நோக்கத்தோடு கிளம்புவதுதான் அங்கே எமிக்ரேஷன். குடியேறுவது அல்ல, வேலை. உம்ராவுக்குப் போகிறவரும், மகளைப் பார்க்கப் போகிற உம்மாவும் இதில் வரமாட்டார்கள். இ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், வேலைக்கு அல்லாமல் போகிறவருக்கு இந்த அனுமதி தேவையில்லை.

இந்த இடத்தில்தான் சில ஏஜெண்டுகள் நுழைகிறார்கள். "தம்பி, வேலை விசான்னா எமிக்ரேஷன் இழுத்தடிப்பான். விசிட் விசாவிலே போயிரு, அங்கே போய் மாத்திக்கலாம்" என்பார்கள். தம்பியும் விசிட்டில் போகிறார். இமிக்ரேஷன் கவுன்ட்டரில் முத்திரை விழுகிறது. எல்லாம் முடிந்தது என்று ஊருக்குப் போன் வருகிறது. எமிக்ரேஷன் மட்டும் நடக்கவே இல்லை.

நடக்காததால் என்ன இழப்பு? இ.சி.ஆர். பாஸ்போர்ட்காரர் வளைகுடா நாடுகள் ஆறும் மலேசியாவும் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வாங்க வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. கிளியரன்ஸ் வாங்கும்போது யாரிடம் வேலை, என்ன வேலை, சம்பளம் எவ்வளவு என்ற ஒப்பந்தம் நம் அரசாங்கத்தின் இ-மைகிரேட் இணையதளத்தில் பதிவாகிறது. அங்கே போனபின் கஃபீல் வேறு காகிதத்தை நீட்டினால், இதுதான் முதலில் ஒப்புக்கொண்டது என்று காட்ட ஒரு சாட்சி இருக்கும். கூடவே, 'பிரவாசி பாரதீய பீமா யோஜனா' என்ற காப்பீடு எடுத்தால்தான் கிளியரன்ஸ் கிடைக்கும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் மவுத்தானாலோ நிரந்தரமாக உடல் ஊனமடைந்து வேலை இழந்தாலோ 10 லட்சம். மருத்துவச் செலவுக்கு 1 லட்சம் வரை. இடையில் நோயால் வேலை செய்ய முடியாமல் போனால் திரும்பி வர டிக்கெட்டும் இதில் அடங்கும்.

விசிட்டில் போனவருக்கு இந்தக் காப்பீடே எடுக்கப்பட்டிருக்காது. தூதரகம் கைவிட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. இந்தியக் குடிமகன் யாராக இருந்தாலும் முறையிடலாம். ஆனால் ஒப்பந்தமும் இல்லை, பதிவும் இல்லை என்றால் அவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு முதலாளியிடம் பேசுவார்கள்? அந்த நேரத்தில் ஜமாஅத் வாசலில் துண்டு விரித்து வசூல் செய்ய வேண்டியிருக்கிறது. 275 ரூபாயில் முடிய வேண்டிய காரியம்.

பத்தாம் வகுப்பு தேறியவர்கள், ஐம்பது வயது தாண்டியவர்கள், ஏற்கெனவே மூன்று வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்கள் ஆகியோருக்கு இந்தச் செக் கிடையாது. அவர்கள் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று இருந்தால், சான்று காட்டி மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து நீக்கிக்கொள்ளலாம். ஆனால் செக் இல்லை என்றால் உங்கள் ஒப்பந்தத்தை யாரும் பார்க்கவில்லை என்றும் அர்த்தம். நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். படித்த பிள்ளைகள் இதில் அசட்டையாக இருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பெண்கள் விஷயத்தில் கட்டுப்பாடு அதிகம். இ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருக்கும் முப்பது வயதுக்குட்பட்ட பெண்ணை இந்த நாடுகளுக்கு வீட்டு வேலைக்கு அனுப்ப அனுமதி இல்லை. முப்பது தாண்டியவராக இருந்தாலும் தனியார் ஏஜெண்ட் மூலம் அனுப்ப முடியாது. நம் மாநிலத்தில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போன்ற அரசு அமைப்பு மூலமாகத்தான் போக வேண்டும். "வீட்டு வேலைதானே, விசிட்டில் அனுப்பிவிடுகிறேன்" என்று யாராவது வந்தால், தாய்மார்களே, அவருக்கு டீ கூடக் கொடுக்காதீர்கள்.

ஏஜெண்ட் வீட்டுக்கு வந்தால் கேட்க வேண்டிய கேள்வி, "இமிக்ரேஷன் ஆச்சா?" என்பதல்ல. "எமிக்ரேஷன் கிளியரன்ஸ் எடுப்பீர்களா? உங்கள் பதிவு எண் என்ன?" என்று கேளுங்கள். பதிவு பெற்றவர் பெயர் இ-மைகிரேட் தளத்தில் இருக்கும். பதிவு ரத்தானவர் பட்டியலும் அங்கேயே இருக்கும். சேவைக் கட்டணமாக அவர் வாங்கக் கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கு ரசீது தர வேண்டும். பதில் சொல்லத் தயங்கினாலோ, "அதெல்லாம் ஏர்போர்ட்டில் செட் பண்ணியாச்சு" என்றாலோ, பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கையில் பாஸ்போர்ட் கொண்டு வந்திருக்கும் தம்பிகள் இ.சி.ஆர். என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்னால் வாருங்கள். விசா நகல் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். அது வேலை விசாவா, விசிட்டா என்று சேர்ந்தே படிப்போம். இஷாவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.