பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்: ஆய்வகக் கணினிகளில் கோப்புப் பகிர்வு
(ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



ஆய்வகத்தில் ஒரு கணினியைச் சர்வராக வைத்து, அதிலுள்ள கோப்புறையை மற்றக் கணினிகளுக்குத் திறந்துவிடுவது எளிது. சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. கோப்புறை கண்ணுக்குத் தெரியும். மாணவி தன் செய்முறைப் பயிற்சியைச் சேமிக்கப் போனால் அனுமதி இல்லை என்று வரும். சில நேரம் நேர்மாறாக, வேறொரு மாணவர் அவளுடைய கோப்பை அழிக்கவும் முடியும். பெரும்பாலும் இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

லினக்ஸ், மேக், ஃப்ரீபிஎஸ்டி போன்ற யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கு இடையே கோப்புகளைப் பகிர என்எஃப்எஸ் என்ற முறை உண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் உருவாக்கியது. இதன் வழக்கமான அமைப்பில், அனுமதியை முடிவு செய்வது பயனரின் பெயர் அல்ல; பயனர் எண்ணும் குழு எண்ணும்தான்.

வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 'அ' பிரிவிலும் 12ஆம் எண் உண்டு, 'ஆ' பிரிவிலும் உண்டு. இரு பிரிவையும் ஒரே அறையில் அமர்த்தி, "பன்னிரண்டு" என்று கூப்பிட்டால் இருவர் எழுந்து நிற்பார்கள். சர்வரின் நிலையும் இதுதான். உபுண்டுவில் முதல் பயனரின் எண் 1000, மேக்கில் 501, ஃப்ரீபிஎஸ்டியில் 1001. 'கயல்' என்ற ஒரே பெயரில் லினக்ஸிலும் மேக்கிலும் கணக்குத் தொடங்கினாலும் சர்வருக்கு அவர்கள் வேறு வேறு ஆட்கள். உபுண்டுவின் இரண்டாம் பயனரும் ஃப்ரீபிஎஸ்டியின் முதல் பயனருமோ அதற்கு ஒரே ஆள்!

ஆகவே இந்த வரிசையில் சரிபாருங்கள்.

முதலில், இரு கணினிகளிலும் 'ஐடி' என்ற கட்டளையைக் கொடுத்து எண்களை ஒப்பிடுங்கள். 'எல்எஸ்' கட்டளையுடன் 'எல்என்' விருப்பத்தைச் சேர்த்தால், கோப்பின் உரிமையாளர் பெயருக்குப் பதில் எண் தெரியும்.

இரண்டாவது, கோப்புக்கு அனுமதி இருந்தால் போதாது. அது இருக்கும் கோப்புறைகள் ஒவ்வொன்றிலும் நுழைய 'எக்ஸ்' அனுமதி வேண்டும்.

மூன்றாவது, சர்வரின் 'எக்ஸ்போர்ட்ஸ்' கோப்பில் அந்தக் கோப்புறை படிக்க மட்டும் திறக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். திருத்தினால், 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ்' கட்டளையை 'ஆர்ஏ' விருப்பத்துடன் கொடுத்தால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும்.

நான்காவது, மேக் கணினியால் லினக்ஸ் சர்வருடன் இணையவே முடியாவிட்டால், இணைப்புக் கட்டளையில் 'ரெஸ்வ்போர்ட்' என்று சேர்த்துப் பாருங்கள். லினக்ஸ் சர்வர் இயல்பாக 1024க்குக் கீழுள்ள போர்ட்டிலிருந்து வரும் அழைப்பை மட்டுமே ஏற்கும்.

தீர்வு, எல்லாக் கணினிகளிலும் ஒருவருக்கு ஒரே எண் கொடுப்பது. மேக்கில் பழைய கணக்கின் எண்ணை மாற்றுவதைவிட, தேவையான எண்ணில் புதுக் கணக்குத் தொடங்குவது நல்லது. எண்ணை மாற்றினால் அவருடைய பழைய கோப்புகளே அவருக்கு அந்நியமாகிவிடும். குழுவாகச் செய்யும் பணிகளுக்கு, எல்லாக் கணினிகளிலும் ஒரே எண்ணுள்ள குழு ஒன்றை உருவாக்கி, கோப்புறைக்கு 2770 அனுமதி கொடுங்கள். புதிய கோப்புகளைக் குழுவினர் திருத்த 'யுமாஸ்க்' 002 ஆக இருக்க வேண்டும்.

அவசரத்தில் 777 கொடுத்தால் பிழைச் செய்தி போய்விடும். ஆனால் எவர் வேலையையும் எவரும் அழிக்கலாம் என்ற நிலை வந்துவிடும். ஓர் ஆண்டு உழைப்பை இழந்த பிள்ளைக்கு நாம் சொல்லும் சமாதானம் எடுபடாது.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். தன் கணினியில் ரூட் அதிகாரம் உள்ளவர், தனக்கு எந்த எண்ணையும் சூட்டிக்கொள்ளலாம்; சர்வர் அதை நம்பிவிடும். எனவே மாணவருக்கு ரூட் கடவுச்சொல் தர வேண்டாம். மதிப்பெண் பட்டியலையும் வினாத்தாளையும் இந்தப் பகிர்வில் வைக்கவே வேண்டாம்.

பூட்டு பத்திரமாக இருப்பது மட்டும் போதாது. சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.