பழைய எக்ஸுக்குத் திரும்புவோம்

நம் மயிலாப்பூர் வகுப்பறையில் சார் போட்ட கணக்கு ஞாபகமிருக்கா? கும்பகோணத்தில் பள்ளிச் சிறுவன் ராமானுஜனிடம் மேல்வகுப்பு மாணவர் கேட்டது அது. எக்ஸின் வர்க்கமூலமும் ஒய்யும் சேர்ந்தால் 7. எக்ஸும் ஒய்யின் வர்க்கமூலமும் சேர்ந்தால் 11. ராமானுஜன் சட்டென்று விடை சொன்னாராம்.

எனக்கு அரை மணி! வர்க்கமூலங்களை ஏ, பி என்று வைத்தேன். ஏ-க்குப் பதில் '7 கழித்தல் பி வர்க்கம்' என்று பிரதியிட்டேன். நான்காம்படிச் சமன்பாடு வந்தது. 'பி கழித்தல் 2' அதன் காரணி. பி 2, ஏ 3. பெருமையாகப் பேனாவை மூடினேன்.

"ஏ, பி எல்லாம் நீ வெச்ச பேருப்பா. கேட்டது எக்ஸ், ஒய் இல்லியோ?" என்றார் சார். விடை 9, 4.

சார் இன்று இல்லை. பட்டம், பதவியெல்லாம் இடையில் நாம் வைத்துக்கொண்ட பெயர்கள்தாம். இன்றைக்காவது பழைய எக்ஸாக உட்காருவோம்.