நூற்றைம்பது எப்படி ஒன்றரை ஆயிற்று?
(தொழிற்சங்க வகுப்பில் ஆற்றிய உரை)



நான் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவன். விஞ்ஞானி அல்ல. ஆனாலும் கதிரியக்க அளவைப் பற்றிப் பேச வேண்டிய நிலை எனக்கு வந்தது. காரணம் ஓர் இளைஞர்.

அவர் குழாய் வெல்டிங்குகளைக் கதிரியக்கத்தால் படமெடுத்துப் பரிசோதிக்கும் காண்ட்ராக்ட் தொழிலாளி. ஒரு நாள் கோபமாகச் சங்கத்துக்கு வந்தார். "தோழர், ராத்திரி ஷிப்டு முடிந்ததும் சட்டைப் பையிலிருந்த பேனா மாதிரி மீட்டரை நானே பார்த்தேன். 150 காட்டிற்று. ரிஜிஸ்தரில் ஒன்றரை என்று எழுதியிருக்கிறார்கள். இது திருட்டு இல்லையா?" என்றார்.

மீட்டரில் இருந்தது மில்லிராண்ட்ஜன். ரிஜிஸ்தரில் இருந்தது மில்லிசீவர்ட். இரண்டும் ஒன்றல்ல.

1957-ல் நயா பைசா வந்தபோது ஓர் அணாவுக்கு ஆறே கால் பைசா என்று கணக்கு. அந்தக் காலை யார் விழுங்குவது என்று கடைக்குக் கடை சண்டை நடந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். கதிரியக்க அளவிலும் பழைய நாணயம், புதிய நாணயம் உண்டு. நல்ல வேளையாக இங்கே மாற்று விகிதம் சரியாக நூறு.

ராட் என்பது பழைய அளவு, 1953-ல் வந்தது. ஒரு கிராம் பொருள் 100 எர்க் சக்தியை உறிஞ்சினால் அது ஒரு ராட். கிரே என்பது 1975-ல் வந்த புதிய அளவு. ஒரு கிலோ பொருள் ஒரு ஜூல் சக்தியை உறிஞ்சினால் ஒரு கிரே. ஒரு ஜூல் என்பது ஒரு கோடி எர்க். அதை ஒரு கிலோவின் ஆயிரம் கிராமுக்குப் பங்கிட்டால் கிராமுக்குப் பத்தாயிரம் எர்க். ஆகவே ஒரு கிரே என்றால் 100 ராட். மனப்பாடம் தேவையில்லை, வகுத்தாலே வந்துவிடும்.

ஆனால் உடம்புக்கு எவ்வளவு கேடு என்பது வேறு விஷயம். ஆல்பா கதிர் ஒரு ராட் தந்தால், காமா கதிர் 20 ராட் தந்ததற்குச் சமமாக அதைக் கணக்கிடுகிறார்கள். இப்படிப் பெருக்கி வருவது பழைய கணக்கில் ரெம், புதிய கணக்கில் சீவர்ட். இங்கும் 100 ரெம் ஒரு சீவர்ட். காமா, எக்ஸ்-ரே கதிர்களுக்குப் பெருக்கும் எண் ஒன்றுதான். ராண்ட்ஜன் என்பதோ காற்றில் அளப்பது. காமா கதிருக்கு ஒரு ராண்ட்ஜன் உடல் திசுவில் ஏறக்குறைய ஒரு ராட்.

இது பெரிய சக்தியா? நாலு கிரே, அதாவது 400 ராட், உடல் முழுவதும் பட்டால் சிகிச்சையில்லாமல் ஏறக்குறையப் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். அதே நாலு கிரே ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்குவதோ ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான்! உடம்புக்குச் சூடு தெரியாது. ஆகவே எண்ணைத்தான் நம்ப வேண்டும். அந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது.

1986 ஏப்ரல் 26, செர்னோபில். உலை வெடித்த இரவில் கைக்குக் கிடைத்த மீட்டர்கள் வினாடிக்கு 1000 மைக்ரோராண்ட்ஜன் வரைதான் காட்டக் கூடியவை. முள் கடைசிக் கோட்டில் போய் முட்டி நின்றது. மணிக்கு 3,600 வினாடி. பெருக்கினால் 36 லட்சம் மைக்ரோராண்ட்ஜன், அதாவது மணிக்கு 3.6 ராண்ட்ஜன். முள் முட்டி நின்ற இடத்தையே உண்மை அளவாக எடுத்துக்கொண்டார்கள். பெருக்கலில் பிழையில்லை, மீட்டருக்கு அதற்கு மேல் வாயில்லை. 134 பேருக்குக் கடும் கதிர்நோய் கண்டது. அவர்கள் வாங்கியது 0.8 முதல் 16 கிரே வரை, அதாவது 80 முதல் 1,600 ராட் வரை. அவர்களில் 28 பேர் அந்த ஆண்டிலேயே மாண்டார்கள். நடந்தது சோஷலிஸ்ட் நாடு என்பதற்காக நாம் இதை மூடி மறைக்க வேண்டியதில்லை.

இளைஞர் விஷயத்துக்கு வருகிறேன். 150 மில்லிராண்ட்ஜன், காமா கதிர் என்பதால் ஏறக்குறைய 150 மில்லிரெம். நூறால் வகுத்தால் 1.5 மில்லிசீவர்ட். ரிஜிஸ்தர் சரிதான். "தம்பி, கணக்கில் உங்களை ஏமாற்றவில்லை" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. சண்டைக்கு வந்தவரிடம் எதிராளி பக்கம் நியாயம் என்றால் சும்மாவா?

"உட்காருங்கள், இன்னும் முடியவில்லை" என்றேன். நம் நாட்டில் கதிரியக்கத் தொழிலாளிக்கு ஐந்தாண்டுச் சராசரியாக வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட்தான் வரம்பு. எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. இரவுக்கு ஒன்றரை என்றால் பதின்மூன்று இரவில் 19.5. பதினாலாவது இரவில் 20 தாண்டிவிடும். மற்ற முந்நூற்றைம்பது நாள் இவர் எங்கே போவார்?

ஒரே இரவில் ஒன்றரை ஏன் ஏறியது? கயிறு கட்டி ஆளைத் தள்ளி நிறுத்தினார்களா? தூரத்தை இரட்டித்தால் கதிர் நாலில் ஒன்றாகும். அதற்குக் காசு செலவில்லை. கதிர் மூலத்தைப் பெட்டிக்குள் இழுத்தபின் மீட்டர் வைத்துச் சோதித்தார்களா? இதையெல்லாம் எழுதிக் கேட்டிருக்கிறோம். அவருடைய பன்னிரண்டு மாத ரிஜிஸ்தர் நகலையும் கேட்டிருக்கிறோம். காண்ட்ராக்டரிடமிருந்து இன்னும் பதிலில்லை.

உங்களில் யாரிடம் பழைய ரெம் கணக்குச் சீட்டு இருந்தாலும் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து நூறால் வகுப்போம்.