பொழுது சாயுமுன் கூலி

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



யூதர்களின் வேதம் இன்றைய கூலிக்காரனுக்கு என்ன சொல்கிறது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். துண்டறிக்கையைப் பார்த்துவிட்டுச் சிலர் கேட்டார்கள்: "நமக்கும் யூதருக்கும் என்ன ஐயா சம்பந்தம்? மூன்று மாதக் கூலி பாக்கி நிற்கிறது, இந்த நேரத்தில் மோசேயும் ஆரோனும் எதற்கு?" நியாயமான கேள்வி. அந்தக் கூலி பாக்கிக்காகத்தான் மோசேயைக் கூப்பிடுகிறோம். எந்த மதத்துக்கும் ஆள் சேர்க்க நாம் இந்த மேடையில் ஏறவில்லை. சங்கத்தில் சாமி கும்பிடுகிறவரும் உண்டு, கும்பிடாதவரும் உண்டு. இரு சாராருக்கும் கூலி ஒன்றுதான்.

முதலில் ஒரு செய்தி. மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி மூட்டை தூக்கப் போகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்த ஸ்டேஷனுக்குப் பெயர் தந்ததே 1796-ல் அங்கே கட்டப்பட்ட யூதர்களின் தொழுகைக்கூடம்தான் என்று சொல்வார்கள். அதைக் கட்டியவர்கள் பெனே இஸ்ரவேலர். கொங்கணக் கரையில் பல தலைமுறை எண்ணெய்ச் செக்கு ஆட்டிப் பிழைத்தவர்கள். ஊரார் அவர்களுக்கு வைத்த பெயர் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமைச் செக்கார். சனிக்கிழமை செக்கு ஓடாது, அதனால் வந்த பெயர். எழுதப் படிக்க வழியில்லாத காலத்திலும், வேதச் சுருள்கள் கையில் இல்லாத காலத்திலும், அந்த ஓய்வு நாளை மட்டும் அவர்கள் விடவில்லை. அந்த நாளில் யார் யாருக்கு ஓய்வு என்று அவர்கள் வேதம் கணக்கிடுகிறது: வீட்டுக்காரனுக்கு, பிள்ளைகளுக்கு, வேலைக்காரனுக்கு, வேலைக்காரிக்கு, மாட்டுக்கு, கழுதைக்கு, வெளியூரிலிருந்து வந்து குடியிருப்பவனுக்கு. நீயும் எகிப்தில் அடிமையாய்க் கிடந்தாய், அது நினைவிருக்கட்டும் என்று காரணமும் சொல்கிறது. வந்தேறிக்கும் வார விடுமுறை என்று எழுதி வைத்த சட்டம் அது. இதே ஊரில் நாராயண் மேகாஜி லோகண்டே பஞ்சாலைத் தொழிலாளருக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கேட்டுப் போராடி வாங்கியது 1890-ல்தான் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்போது கூலிக்கு வருவோம். உபாகமத்தின் இருபத்து நான்காம் அதிகாரத்தை நம் வேதக்கோயில் தோழர்கள் வீட்டில் எடுத்துப் படிக்கலாம். கூலிக்காரன் ஏழை, அவன் உயிரே அந்தக் கூலியில்தான் இருக்கிறது, ஆகவே சூரியன் சாய்வதற்குள் கொடுத்துவிடு என்பது அதன் சாரம். உன் இனத்தானா, உன் ஊரில் வந்து தங்கிய அயலானா என்று பிரித்துப் பார்க்காதே என்றும் சேர்த்துச் சொல்கிறது. அதே அதிகாரத்தில் அடகுச் சட்டமும் இருக்கிறது. மாவு அரைக்கும் திரிகைக் கல்லை அடகு வாங்காதே, அது ஒருவன் பிழைப்பை வாங்குவதற்குச் சமம். கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்கக் கடன்பட்டவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வாசலில் நிற்க வேண்டும், அவனே கொண்டுவந்து தருவான். ஏழையின் போர்வையை அடகு வாங்கினால் இரவு வருமுன் திருப்பிக் கொடு. வட்டிக்காரன் வீட்டுக்குள் புகுந்து குக்கரையும் மிக்சியையும் தூக்கிப்போனதைப் பார்த்த தாய்மார்கள் இங்கே இருக்கிறார்கள். வாசலில் நில் என்ற அந்த ஒரு விதியின் அருமை அவர்களுக்கு விளங்கும்.

வேதத்தை எழுதிவைத்ததோடு யூதர்கள் நிறுத்தவில்லை. அவர்களுடைய ஆசிரியர்களான ரபிகள் ஒவ்வொரு விதியையும் பிடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வழக்காடினார்கள். அந்த வழக்காடலின் பெருந்தொகுப்புத்தான் தால்முத். அதில் 'பாபா மெட்சியா' என்ற பகுதி கூலி, அடகு, வாடகை, கடன் இவற்றைப் பற்றியது. பகல் வேலைக்காரன் கூலி அந்த இரவு முடிவதற்குள், இரவு வேலைக்காரன் கூலி அடுத்த பகல் முடிவதற்குள் என்று அங்கே நேரம் வகுக்கிறார்கள். இந்தியாவில் 1936-ல் வந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டம் மாதம் முடிந்து ஏழு நாள், பெரிய ஆலை என்றால் பத்து நாள் என்று தவணை கொடுத்தது. அதைக்கூட மதித்தவர்கள் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும்.

கூலி ஏன் உயிர் என்று ரபிகள் கேட்டு, பதிலும் சொல்கிறார்கள். இவன் ஏன் அந்த உயரத்தில் ஏறினான்? ஏன் மரத்தில் தொங்கினான்? ஏன் சாவுக்குத் துணிந்தான்? கூலிக்குத்தானே! சாரம் கட்டிப் பதினெட்டாம் மாடியில் பூச்சு வேலை செய்யும் தோழர்களே, இதைத் தொகுத்து வைத்தவர்கள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு பாபிலோனில் இருந்தவர்கள்.

கூலி கொடுத்தேன் என்று முதலாளி சொல்கிறான், வாங்கவில்லை என்று தொழிலாளி சொல்கிறான், யார் பேச்சை எடுப்பது? பொது வழக்குகளில் பணம் கேட்கிறவன்தான் நிரூபிக்க வேண்டும். கூலி வழக்கில் மட்டும் ரபிகள் அதைத் திருப்பிப் போட்டார்கள். உரிய காலத்துக்குள் வந்து கேட்டால் தொழிலாளி சத்தியம் செய்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம். முதலாளிக்கு வேலையாட்கள் பலர், மறதி அவனுக்குத்தான் வரும், கூலிக்காரனுக்கு வராது என்பது காரணம். மஸ்டர் ரோல் மேஸ்திரி கையில், பேனாவும் அவன் கையில் என்று வாழும் நமக்கு இதைக் கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது.

ஆனால் அந்தத் தால்முத்திலேயே ஒரு ஓட்டையும் இருந்தது. வேலை கொடுப்பவன் தானே ஆள் பிடிக்காமல் இன்னொருவனை அனுப்பிப் பிடிக்கச் சொல்கிறான். போனவன், கூலி உங்களுக்கு வீட்டுக்காரன் தருவான் என்று சொல்லிக் கூட்டி வருகிறான். பொழுது சாய்ந்தும் கூலி வரவில்லை. தாமதம் செய்த பாவம் யாருக்கு? இருவருக்கும் இல்லை என்கிறது நூல்! இவன் அமர்த்தவில்லை, அவன் கையில் பணம் இல்லை. காண்டிராக்டர் கம்பெனியைக் காட்டுவதும், கம்பெனி காண்டிராக்டரைக் காட்டுவதும் நேற்று முளைத்த தந்திரம் என்று நினைத்திருந்தோம்! நம் நாட்டில் 1970-ன் காண்டிராக்ட் தொழிலாளர் சட்டம்தான் காண்டிராக்டர் கொடுக்காவிட்டால் கம்பெனி கொடுக்க வேண்டும் என்று அந்த ஓட்டையை அடைத்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த புதிய தொகுப்பிலும் இந்த விதி இருக்கிறது. புதிய தொகுப்பைப் பற்றி நமக்கு ஆயிரம் குறை உண்டு, அதற்குத் தனிக்கூட்டம் வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

அதே நூலில் சொல்லப்படும் ஒரு வழக்கு. ரப்பா என்ற படித்த மனிதர் சுமைகூலிகளை வைத்துத் திராட்சை மதுச் சாடியைத் தூக்கச் சொன்னார். சாடி உடைந்துவிட்டது. நஷ்டத்துக்கு ஈடாக அவர்கள் மேலாடைகளைப் பிடுங்கிக்கொண்டார். சுமைகாரர்கள் ராவ் என்ற பெரிய ரபியிடம் முறையிட்டார்கள். ஆடையைக் கொடு என்றார் ராவ். "இதுதான் சட்டமா?" என்று கேட்டார் ரப்பா. ஆம், நல்லவர்கள் நடக்கும் வழி இது என்று பதில் வந்தது. ஆடை வந்தது. சுமைகாரர்கள் நகரவில்லை. நாங்கள் ஏழைகள், நாள் முழுக்கச் சுமந்தோம், பசிக்கிறது, கையில் ஒன்றுமில்லை என்றார்கள். கூலியையும் கொடு என்றார் ராவ். "இதுவுமா சட்டம்?" என்றார் ரப்பா. இதுவும்தான் என்றார் ராவ். நமக்கு இதில் பிடித்தது ராவின் தீர்ப்பைவிட அந்தச் சுமைகாரர்கள்தான். ஆடை கிடைத்ததும் கும்பிட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தால் இரண்டாவது தீர்ப்பு எழுதப்பட்டே இருக்காது.

இப்படிச் சொல்வதால் அந்த வேதம் முழுவதும் தொழிலாளி பக்கம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அயல் இனத்தாரை அடிமையாக வாங்கிப் பிள்ளைகளுக்குச் சொத்தாக வைத்துப் போகலாம் என்றும் அதே லேவியராகமத்தில் இருக்கிறது. இதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகல்ல. 1861 ஜனவரியில் அமெரிக்கா உள்நாட்டுப் போரின் வாசலில் நின்றபோது, நியூயார்க்கில் மோரிஸ் ரஃபால் என்ற ரபி வேதம் அடிமை முறையைப் பாவம் என்று சொல்லவில்லை என்று பிரசங்கம் செய்தார். தோட்ட முதலாளிகளுக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. பால்டிமோரில் டேவிட் ஐன்ஹார்ன் என்ற ரபி அதே வேதத்தை எடுத்துக்கொண்டு எதிர்த்து எழுதினார். எகிப்தில் அடிமையாய்க் கிடந்து மீண்ட இனத்தில் பிறந்த ஒருவன் அடிமைத்தனத்துக்கு வக்காலத்து வாங்குவதா என்பது அவர் கேள்வி. பால்டிமோர் அடிமை முறை நிலவிய மாகாணத்து நகரம். ஏப்ரலில் அங்கே கலகம் மூண்டு, அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. இருவர் கையிலும் ஒரே நூல்தான் இருந்தது.

பாலஸ்தீனத்தைப் பற்றி ஏன் பேசவில்லை என்று பின்வரிசையில் ஒரு தோழர் கேட்கிறார். கேட்க வேண்டியதுதான். அயலானை ஒடுக்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்லும் நூலை வைத்துக்கொண்டு, ஒரு மக்களின் நிலத்தைப் பறிப்பதற்கும் அந்த நூலையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். 1988-ல் அங்கே தொடங்கிய 'மனித உரிமைக்கான ரபிகள்' என்ற அமைப்பினர், ஒலிவக்காய் பறிக்கப் போகும் பாலஸ்தீன விவசாயிகளோடு காவலாகத் தோப்புக்குப் போகிறார்கள். அவர்கள் காட்டுவதும் அதே வேதத்தைத்தான். அவர்கள் எண்ணிக்கையில் சிறுபான்மை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தொழிலாளர்கள் தாங்களே அந்த வேதத்தைக் கையில் எடுத்த நாள் ஒன்று உண்டு. 1909 நவம்பர் 22, நியூயார்க். சட்டை தைக்கும் ஆலைகளில் வேலை செய்த பெண்கள் ஒரு பெரிய மண்டபத்தில் கூடினார்கள். பெரும்பாலும் ரஷியப் பேரரசிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பத்துப் பெண்கள், இத்தாலியப் பெண்களும் உண்டு. தலைவர்கள் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். (நம் கூட்டங்களும் அப்படித்தான் என்று யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது.) இருபத்து மூன்று வயது கிளாரா லெம்லிக் எழுந்தார். பேச்சுக் கேட்டு அலுத்துவிட்டது, வேலை நிறுத்தம் செய்வோம் என்று தன் தாய்மொழியான இத்திஷில் சொன்னார். கூட்டத் தலைவர் எல்லோரையும் வலக்கையை உயர்த்தச் சொல்லி ஒரு பழைய யூத சத்தியத்தைச் சொல்லவைத்தார். எருசலேமை மறந்தால் கை செயலிழந்து போகட்டும் என்று நாடுகடத்தப்பட்ட முன்னோர் செய்த சத்தியத்தின் சாயல் அது. அவர்கள் எருசலேம் இருந்த இடத்தில் சங்கத்தை வைத்தார்கள். இருபதாயிரம் பெண்கள் ஆலையைவிட்டு வெளியேறினார்கள்.

அந்த ஆலைகளில் ஒன்றான டிரையாங்கிள் கடைசிவரை சங்கத்தை ஏற்கவில்லை. அதன் முதலாளிகள் இருவரும் யூதர்கள்தான். 1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை, அங்கே தீப்பிடித்தது. ஒன்பதாம் மாடியின் ஒரு கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகும் பெண்களின் கைப்பையைச் சோதிக்க வசதியாக அப்படிப் பூட்டிவைப்பார்களாம். 146 பேர் மாண்டார்கள். செக்கு மாட்டுக்கும் ஓய்வு என்று எழுதப்பட்ட நாள் அது. முதலாளிகள் மீது நடந்த வழக்கில் ஆண்டு முடிவதற்குள் விடுதலை.

ஒரே இனம், ஒரே வேதம், ஆனாலும் ஒருவன் பூட்டுகிறான், ஒருத்தி சாகிறாள். நம்மவன் காண்டிராக்டராக இருந்தால் நமக்கு நல்லது என்று இன்னும் நம்பும் தோழர்கள் இதை யோசித்துப் பார்க்கட்டும்.

இதன் தொடர்ச்சி நம் காலத்திலும் நடந்தது. அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தில் போஸ்ட்வில் என்ற சிற்றூர். அங்கே யூத முறைப்படி, 'கோஷர்' என்று முத்திரை குத்தி, இறைச்சி தயாரிக்கும் மாபெரும் ஆலை இருந்தது. கோஷருக்குச் சட்டங்கள் ஏராளம். கத்தியில் மயிரிழை பள்ளம் இருந்தாலும் அந்த மாடு கூடாது. நுரையீரலைத் தடவிப் பார்ப்பார்கள். 2008 மே 12 அன்று அரசாங்கம் ஆலையைச் சூழ்ந்துகொண்டு 389 தொழிலாளரைப் பிடித்தது. பெரும்பாலோர் குவாத்தமாலாவிலிருந்து காகிதம் இல்லாமல் வந்த ஏழைகள். பிடித்துப்போனதில் நமக்கு ஒப்புதல் இல்லை, விலங்கு பூட்டப்பட்டது வேலை செய்தவர்களுக்கு. ஆனால் அந்த ஆலையில் வேலை நிலைமை மோசம் என்று யூதப் பத்திரிகை ஒன்று 2006-லேயே எழுதியிருந்தது. மோரிஸ் ஆலன் என்ற ரபி, மாட்டின் நுரையீரலைப் பார்க்கிற நாம் அறுக்கிறவனின் கையைப் பார்க்க வேண்டாமா என்ற கேள்வியைக் கிளப்பி, நியாயக் கூலிக்கும் ஒரு முத்திரை வேண்டும் என்று இயக்கம் நடத்தினார். அதே 2008-ல் ஜில் ஜேக்கப்ஸ் என்ற பெண் ரபி எழுதிய தீர்ப்பை அவர்களின் ஒரு பிரிவின் சட்டக்குழு ஏற்றது. காலத்தில் கூலி, வாழப் போதுமான கூலி, பாதுகாப்பு, சங்கத் தொழிலாளரை அமர்த்த முயலுதல் ஆகிய இவற்றையெல்லாம் பழைய நூல்களிலிருந்தே அவர் எடுத்துக்காட்டினார். பழமைவாதிகள் பலர், முத்திரை சமையல் சட்டத்துக்கு மட்டும், தொழிலாளர் விஷயம் அரசாங்கத்தின் வேலை என்றார்கள். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

நம் பக்கம் பார்த்தால், கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை, ஐயப்ப பக்தர்களுக்கு அன்னதானம், மாதா தேருக்குப் பூமாலை, கந்தூரிக்குச் சோறு என்று தாராளமாகக் கொடுக்கிறார்கள். கொடுக்கிற கையில் யாருடைய கூலி நிற்கிறது என்று எந்த விழாக் குழுவாவது கேட்டதுண்டா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லித்துவேனியாவில் வாழ்ந்த இஸ்ரவேல் சலாந்தர் என்ற ரபியைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவது அவர்களுக்குச் சடங்கு. நிறையத் தண்ணீர் ஊற்றினால் நிறையப் புண்ணியம். அவரோ கொஞ்சம்தான் ஊற்றினாராம். ஏன் என்று கேட்டவர்களுக்கு, குளிரில் தண்ணீர் சுமந்து வரும் வேலைக்காரப் பெண்ணைக் காட்டினாராம். அவள் தோளில் ஏறி நின்று நான் புண்ணியம் சேர்ப்பதா என்றாராம். பொதுக்குழாயில் விடியற்காலை மூன்று மணிக்குக் குடத்தோடு நிற்கும் தாய்மார்களுக்கு இந்தக் கதையைச் சொன்னோம். ஒரு பாட்டி, "அந்த ஆளு தண்ணி புடிச்சிருக்கான்யா" என்றார். சலாந்தருக்கு இதைவிட நல்ல உரை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

கடைசியாகச் சங்கத்தின் வேலை. தால்முத் காலத்தில் தொழிலாளியின் சத்தியம் செல்லும். இன்றைய லேபர் ஆபீசில் சத்தியம் செல்லாது, எழுத்துத்தான் செல்லும். கூலி பாக்கி உள்ளவர்கள் ஒவ்வொருவரும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, வேலை செய்த தேதி, இடம், கம்பெனிப் பலகையில் உள்ள பெயர், மேஸ்திரி பெயர், வாங்கிய அட்வான்ஸ், நிற்கும் பாக்கி இவற்றை இன்றிரவே எழுதத் தொடங்குங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நம் இரவுப் பள்ளிப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நோட்டோடு சங்கத்துக்கு வாருங்கள். மனு எழுதுவதற்குப் பெஞ்சுகள் போட்டு வைத்திருப்போம்.